நீலம் பாய்ந்த கூடுகள்

தண்ணியில நிக்க வைக்காம எவம்லே நெருப்புக் காட்டுவான், காட்டுனா என்ன அண்ணாச்சி, இளகணும்னு நீங்கதானே சொன்னீய, கழுத்துதாம்லே இளகணும், அடியா இளகணும், என்று என் வீட்டுக்காரர் ஞானாபரணமும் அவர் தம்பி தவசிங்கும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள், மேசைமேல் தகரத்தட்டு, தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சுட்டு முடித்து மறுபடி மருந்து நிரப்பக் காத்திருக்கும் பித்தளைத் தோட்டாக்கூடுகள் மட்டும் வரிசையாய், வாய் முதல் அடிவரை நீலம் பாய்ந்து, விஷம் குடித்த பிள்ளைகள் போல, நான் கதவோரம் காப்பியோடு நிற்கிறேன், காப்பி ஆறுகிறது, இன்றைக்கும் ஆறிக்கொண்டேயிருக்கிறது. அவர் செய்தால் அப்படியில்லை, ஒவ்வொரு கூட்டையும் ஒரே நீளத்துக்கு அராவி, வாயின் பிசிறைச் சுரண்டி, தராசில் நிறுத்து ஒத்ததை ஒத்ததோடு சேர்ப்பார், கூடு ஒண்ணுபோல இருந்தாத்தான் குண்டெல்லாம் ஒரே ஓட்டையில போவும் பாத்துக்கோ என்பார், அடி தண்ணீரில் முழுகியிருக்கக் கழுத்துக்கு மட்டும் சுடர் காட்டி, நிறம் மாறியதும் குச்சியால் தட்டிச் சாய்ப்பார், சுஸ் என்று ஒரு மூச்சு, அந்த மூச்சைக் கேட்டபடியே நான் தூங்கிப்போன மத்தியானங்கள், இல்லை, தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அடி இளகுனா கூடு பொளந்து நெருப்பு பின்னால வரும்லே, நேரா கண்ணுக்கு, எல்லாத்தையும் குழியில கொட்டு, நாளைக்குப் போட்டிக்கு எதை வச்சுச் சுடுவீய, பிஸ்கட் டப்பாவுல பழசு கெடக்கு, தோத்தா தோக்கேன், நீ இனிமே இதைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன், தவசிங் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், பாத்தியளா மதினி, பித்தளை மேல இருக்குற பாசம் கூடப்பொறந்தவன் மேல இல்ல, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறான், சாயங்காலம் பொன்னாய் மின்னும் கூடுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு வருகிறான், பழசையெல்லாம் விளக்கிட்டேன் அண்ணாச்சி, கோவத்தை விடுங்க, அவருக்குக் கண் கலங்கிவிட்டது, பயலுக்குப் பொறுப்பு வந்துட்டு பாரு என்று என்னிடம் காட்டிக் காட்டி மருந்து நிரப்பினார், அன்றைக்கு மட்டும் தராசை எடுக்கவேயில்லை. காலையில் தேயிலைச் சரிவெல்லாம் மஞ்சு, அவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு இறங்குகிறார், நீ வரலையால, தலைவலி அண்ணாச்சி, நான் ரசத்துக்குப் புளி எடுக்கப்போனால் ஜாடி காலி, நேற்று நிறைய இருந்த ஜாடி, பின்கட்டில் அந்தத் தகரத்தட்டு கிடக்கிறது, தட்டு நிறையத் தண்ணீர், அடியில் புளிச்சக்கை, கூடு ஒன்றுகூட இல்லை, நீலமெல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல அது கலங்கிக் கிடக்கிறது, பக்கத்தில் பிஸ்கட் டப்பா, மூடியைத் திறக்கிறேன், பழைய கூடுகள், கறுத்து, யார் கையும் படாமல், அப்படியே, கீழே ஒரு வெடி, மலை வாங்கித் திருப்பித் தருகிறது, இன்னொன்று, அதன் சத்தம் வேறாக இருக்கிறது, பிறகு மூன்றாவது வெடி வரவேயில்லை, திரும்பினால் தவசிங் நிலைப்படியில், விரல்களைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, புளிவாசம் என்வரைக்கும் வருகிறது, டப்பாவை அவன் பக்கம் நீட்டுகிறேன், இந்தா இருக்கே பழசு, அப்ப அண்ணாச்சி கையில எதைய்யா குடுத்தே?