பழைய வாசிப்பானுக்கு ஒரு தீர்மானம்

பள்ளி வாத்தியார் சுகுணன் மாஷின் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து ஒரே வரிதான்: 'தயவுசெய்து காத்திருக்கவும்.' அவரும் காத்திருந்தார். காசர்கோட்டில் நர்ஸாக இருக்கும் மனைவி பிரமீளாவை அவர் இருக்கும் திருச்சூருக்கு மாற்றக் கேட்கும் படிவம் அது. அவளுடைய போனில் திறக்கவில்லை என்று இவருக்கு அனுப்பியிருந்தாள். மாலை ஐந்துக்குள் அனுப்பாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் தனிச்சமையல்தான்.

மதியம்தான் விஷயம் புரிந்தது. அந்தப் படிவம் ஒரேயொரு பழைய வாசிப்பான் மென்பொருளில்தான் திறக்கும். அதைச் செய்த கம்பெனி, மாஷின் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸைக் கைகழுவி வருஷக்கணக்காகிறது. விண்டோஸ் இருக்கும் பக்கத்து இன்டர்நெட் கடைக்குப் போகலாம். ஆனால் மாஷ் சுதந்திர மென்பொருள் சங்கத்தின் செயலாளர். மூலநிரலைக் காட்டாத எதையும் தொடமாட்டேன் என்று மேடைதோறும் முழங்கியவர், அந்தக் கடைப் படியேறினால் ஊர் சிரிக்கும்.

வேறு வழியில்லாமல், எங்கோ ஒரு மூலையிலிருந்து அந்த வாசிப்பானைத் தேடி இறக்கினார். அது ஒரு பழைய நிரல்தொகுப்பைக் கேட்டது. கொடுத்தால், அதைவிடப் பழையதாக இன்னொன்றைக் கேட்டது. சம்பந்தி வீட்டு மாமாவைப் போல அதற்கு எதைக் கொடுத்தும் போதவில்லை. ஒருவழியாக அடங்கி, உரிம ஒப்பந்தத்தை நீட்டி, 'ஏற்கிறேன்' என்று தட்டச் சொன்னது.

உலகமே படிக்காமல் ஏற்கும். மாஷ் படித்தார். மூலநிரலைக் கேட்கவே மாட்டேன் என்று அது எழுதி வாங்கியது. படித்துப் பதறிப்போய், சங்கத்தின் செயற்குழுவைக் கூட்டிவிட்டார். தலைவர் லாசரும் பொருளாளர் உத்தமனும் பழம்பொரி பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தார்கள். பிரமீளா போனில், ஸ்பீக்கரில்.

"மாஷே, இது சரணாகதி," என்றார் லாசர்.

"அனுப்பிட்டு உடனே அழிச்சிடறேன் லாசரேட்டா."

"அப்போ தீர்மானத்துல 'தற்காலிகமாக'ன்னு சேர்த்துடுங்க," என்றார் உத்தமன்.

"தற்காலிகம்னா எவ்வளவு நேரம்? வரையறுக்க வேணாமா?" என்றார் லாசர்.

"சேட்டா, நாலரை ஆயிடுச்சு," என்றது போன்.

"இருடீ, திருத்தம் ஓடிட்டிருக்கு."

லாசர் தன் எதிர்ப்பைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். உத்தமன் அந்த எதிர்ப்புக்கு ஓர் எதிர்ப்பை ஏற்றச் சொன்னார். பழம்பொரி தீர்ந்த பிறகு, இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. மாஷ் 'ஏற்கிறேன்' என்று தட்டினார். படிவம் திறந்தது. மூவரும் கைதட்டினார்கள், எதிர்த்து ஓட்டுப்போட்ட லாசர் உட்பட.

மாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இல்லாத வீட்டில் சாப்பாடே இறங்குவதில்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மளமளவென்று நிரப்பினார். ஒரு கட்டம்தான் பாக்கி.

"பிரமீளா, காரணம் கேக்குது. 'கணவருடன் சேர்ந்து வாழ'ன்னு போடட்டுமா?"



"மத்தியானம் வரைக்கும் எனக்கும் அதேதான் சேட்டா ஆசை."

"இப்போ என்னடீ?"

"இவ்வளவு நேரமும் கேட்டுட்டுத்தானே இருந்தேன். எனக்காக அந்த ஒரு வார்த்தையத் தட்ட உங்களுக்கு ரெண்டு பேரைக் கூட்டி ஓட்டெடுக்க வேண்டியிருந்துச்சு. மூடி வைங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

 மாஷ் லாசரையும் உத்தமனையும் பார்த்தார். இருவரும் காலிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள்.