ஆறு வயதுக்காரனாகப் பதிவு செய்துகொண்டேன்

டிசம்பர் ஐந்தாம் தேதிக்குப் பயப்படுகிற கிழவன் ஹாலந்து முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான் இருப்பேன். பிள்ளைகள் அன்றைக்குச் சின்டர்கிளாஸ் தாத்தா வருவார், பரிசு தருவார் என்று குதிக்கும். நானோ நவம்பர் பிறந்ததுமே காலண்டரைத் திருப்பி மாட்டிவிடுவேன்.

பரிசுக்குப் பயமில்லை. அதோடு வருகிற பாட்டுதான் பயம். வருடம் முழுக்க நாம் அடித்த கூத்தையெல்லாம் கிண்டல் செய்து, எழுதியது யார் என்று சொல்லாமல், சின்டர்கிளாஸ் பேரில் ஒரு பாட்டு எழுதிப் பொட்டலத்தில் ஒட்டியிருப்பார்கள். பொட்டலத்துக்கு உரியவர் எல்லார் முன்னாலும் அதை உரக்கப் படித்த பிறகுதான் நாடாவை அவிழ்க்கலாம். எங்கள் டோர்ட்ரெக்ட் ஊரில் கொலைகாரனுக்குக்கூட இதிலிருந்து விலக்குக் கிடையாது.

எனக்குப் படிக்கத் தெரியாது.

அப்பாவின் சரக்குப் படகில் வளர்ந்தவன் நான். ஒரு துறையில் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் படகு அடுத்த துறைக்குக் கிளம்பிவிடும். பிறகு தெருவுக்குச் செங்கல் பாவும் வேலை. நாற்பத்தைந்து வருடத்தில் நான் பாவிய கல்லை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, நடந்தே திரும்பலாம். செங்கல் யாரையும் படிக்கச் சொன்னதில்லை. நிச்சயமாகத் தெரிந்தது என் பெயரின் முதல் எழுத்து மட்டும். இந்தப் பண்டிகைக்கு அவரவர் முதல் எழுத்தின் வடிவில் சாக்லேட் கொடுப்பார்கள். அறுபது வருடம் தின்றால் கழுதைக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

விஷயம் தெரிந்தவள் என் மனைவி ரீக்யே ஒருத்திதான். யார் யாருக்குப் பாட்டு எழுதுவது என்று வருடா வருடம் சீட்டுக் குலுக்கும்போது என் பெயரை உள்ளங்கையில் பதுக்கி எடுத்துவிடுவாள். என் பாட்டை அவளே எழுதி, இரண்டு வாரம் எனக்கு மனப்பாடம் செய்விப்பாள். அன்றைக்கு நான் தாளைப் பிடித்துக்கொண்டு, இடையில் இருமல்கூடச் சேர்த்து, ராஜா மாதிரி ஒப்பித்துவிடுவேன்.

யாரிடமிருந்து மறைத்தேன் தெரியுமா? என் ஒரே மகள் மார்லுஸிடமிருந்து. அவள் வேலை, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது.

நவம்பர் முதல் ஞாயிறு அவள் போன் செய்தாள். ரீக்யே ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இந்த வருஷம் குலுக்கல் எல்லாம் கம்ப்யூட்டர்ல. புருஷன் பேரு பெண்டாட்டிக்கு வராத மாதிரி வச்சுட்டேன். எப்பப் பாத்தாலும் அம்மாதான் அப்பாவுக்கு எழுதுறா, சலிச்சுப் போச்சு."

என் கையிலிருந்த பிஸ்கோத்து காபிக்குள் விழுந்து மூழ்கியது. நானும் கூடவே மூழ்கினேன்.

போனை வைத்ததும் ரீக்யே சொன்னாள்: "ரெண்டே வழிதான், டூனிஸ். அவகிட்ட உண்மையச் சொல்லு. இல்லன்னா படிக்கக் கத்துக்கோ."

"மூணாவது ஒண்ணு இருக்கு. செத்துப் போறேன்."

"அதுக்கும் கோஸ் பாட்டு எழுதிடுவான். எந்திரி."

கோஸ் அவளுடைய தம்பி. நாக்கை வாயில் வைக்காமல் சாணைக்கல்லில் வைத்திருப்பவன்.

நூலகத்தில் யாரோ சொல்லி, காசு கேட்காத ஓர் இணையதளத்தை ரீக்யே கண்டுபிடித்தாள். பிள்ளைகள் எழுத்துக் கற்க. வயதைக் கேட்டது. அதிகபட்சம் எட்டு வரைதான் இருந்தது. எட்டு வயதில் இவ்வளவு மக்காக இருந்தால் சந்தேகப்படுமோ என்று பயந்து, ஆறு என்று போடச் சொன்னேன். "வா டூனிஸ், விளையாடலாம்!" என்றது டேப்லெட் திரையில் ஒரு முள்ளம்பன்றி.

சைக்கிள் கொட்டகைதான் பள்ளிக்கூடம். முதலில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம். பிறகு சொல்லைக் கையால் வெட்ட வேண்டும்: இடது தோளில் ஒரு சத்தம், நெஞ்சில் ஒன்று, வலது தோளில் ஒன்று. அப்புறம் இரண்டு கையையும் தட்டினால் துண்டுகள் ஒட்டிச் சொல்லாகிவிடும். முள்ளம்பன்றி வெட்டியது, நானும் வெட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு ஏதோ புது மதம் பிடித்துவிட்டது என்று தெருவுக்கே சொல்லிவைத்தார்.

மூன்றாம் வாரம் கொட்டகைக் கதவு திடீரென்று திறந்தது. மார்லுஸ். "அப்பா, காத்தடிக்கிற பம்ப் எங்க?"

டேப்லெட்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றி எனக்கு அடியிலிருந்து எக்காளம் ஊதியது. நீண்ட, வெற்றிகரமான எக்காளம்.

"அப்பா!"

"மத்தியானம் குடிச்ச பட்டாணி சூப்பு," என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பம்பை எடுத்துக்கொண்டு அவள் சிரித்தபடியே போனாள்.

அந்த நாளும் வந்தது. சனிக்கிழமைப் பிற்பகல். மேசை நிறைய மிளகு பிஸ்கட், சூடான பால். கோஸ் தன் பாட்டைக் கூத்தாடிப் படித்தான். ரீக்யே படித்தாள். அடுத்த பொட்டலத்தை மார்லுஸ் தூக்கினாள். "டூனிஸுக்கு!"

தாளைப் பார்த்தேன். இருபது வரி. எறும்புக் கூட்டத்தைக் கலைத்துவிட்ட மாதிரி இருந்தது. தெரிந்த எழுத்தெல்லாம் ஒரு கணம் அந்நியர்களாகிவிட்டன. காதுக்குள் ரத்தம் மணியடித்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கக்கூசுக்குப் போய்த் தாளை விழுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"என்ன மச்சான், குரல் அடைச்சுக்கிச்சா?" கோஸ் கண்ணடித்தான். எழுதியது அவன்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"டூ… னிஸ்…" என்றேன். "தெ… ரு… வில்…"

எல்லாரும் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "ந… டந்… தால்…" சிரிப்பு மெலிந்தது. "கு… னிந்… து… கல்…" சிரிப்பு நின்றேவிட்டது. என் வலது கை என்னைக் கேட்காமலே தோளுக்கு எழுந்ததை உணர்ந்தேன். தோள், நெஞ்சு, தோள். தட்டல். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கை இல்லாமல் சொல் வரவில்லை.

மார்லுஸின் வாய் மெல்லத் திறந்தது. தினமும் இருபத்தெட்டுப் பிள்ளைகள் அவள் முன்னால் இப்படித்தானே வெட்டுகிறார்கள்.

ஏழாம் வரியில் ஒரு சொல் நின்றது. ரயில் வண்டி நீளம். நான் அதன் கரையிலேயே நின்றுவிட்டேன். வியர்வை தாளில் சொட்டியது.

கோஸின் முகம் பால் நிறமாகியிருந்தது. "மச்சான், குடு, நானே படிச்சுடறேன்…"

"மாமா!" மார்லுஸ் சீறினாள். "யாரும் சொல்லித் தரக் கூடாது. அவரா படிக்கணும்."

அந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்தேன். மற்றதையெல்லாம் படித்தேன். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நான் குனிந்து தரையைக் குறை சொல்கிறேனாம், என் சொர்க்கத்தில் தேவதைகள் இல்லை, நேர்வரிசைச் செங்கல்தான் இருக்குமாம். கிண்டல் நன்றாகவே இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பால் ஆறி ஆடை கட்டியிருந்தது.

முடித்ததும் மார்லுஸ் கேட்டாள்: "நான் கேம்ப்புலேருந்து போட்ட லெட்டரெல்லாம்?"

"அம்மா படிச்சா."

"என்னோட ஸ்கூல் ரிப்போர்ட்டு? கையெழுத்துப் போட்டியே!"

"அது… படம் மாதிரி வரைஞ்சேன்."

"முப்பத்தஞ்சு வருஷம் என்கிட்ட பொய் சொல்லியிருக்க." குரல் உடைந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்தப்பட்டது. ரீக்யே என் கையைப் பிடித்தாள். எனக்குத் தெரிந்த பயங்கள் எல்லாம் அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் தூசு. குழாயில் தண்ணீர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

கதவு திறந்தது. முகத்தைக் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் போட்டாள். பொட்டலத்தின் நாடாவை நோக்கிப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏழாவது வரியில ஒரு சொல்ல முழுங்கிட்ட. நான் பாக்கலன்னு நெனச்சியா? மறுபடி படி."

விரலை ஏழாம் வரியில் வைத்தேன்.