கப்பல் பெண்பால்

"ஏன் சார், ஓட்டுறவங்க ஆம்பளைங்கறதாலதான் கப்பலைப் பொம்பளைங்கறாங்களா?" நசீரா கேட்டாள், அப்போது பதின்மூன்று வயது, நாலாம் பாரம், ஆறு வருஷமாகிறது… கரும்பலகையில் அருள்நாதன் எழுதியிருந்த ஆங்கிலப் பட்டியல், சூரியன் ஆண்பால், நிலா பெண்பால், கப்பல் பெண்பால். உயிரில்லாததற்குப் பால் கிடையாது என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு மூன்றாம் பக்கத்தில் கப்பலுக்குப் பாவாடை கட்டிவிடுகிற புத்தகம், அதை எழுதின மகானுபாவன்தான் யோசித்தானா, பதினைந்து வருஷமாக ஒப்பிக்கவைக்கிற இவர்தான் யோசித்தாரா, காவிரியில் பரிசலைத் தவிர எதைக் கண்டார்? நியாயமான கேள்வி. தெரியாதும்மா என்று சொல்ல நாக்கு எழவில்லை. "உன் வாயே துறைமுகம் மாதிரி இருக்கு, அதுல ஒரு கப்பலை விடு" என்றார். வகுப்பு சிரித்தது, சிரிக்கிற கூட்டம் எதற்கும் சிரிக்கும், அவள் மட்டும் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் போதாமல் அன்று மாலை நடத்தைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதினார்: அடக்கமில்லை.

இன்று காலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அவளுடைய அத்தா பஷீர் அகமது எழுந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க சார். புள்ளைக்கு டீச்சர் டிரெயினிங் கிடைச்சிருக்கு. நடத்தைச் சான்றிதழ்தான் பாக்கி, திங்கக்கிழமை கடைசி நாளுங்க." பிறகு மெதுவாக, "உங்க இங்கிலீஷ் பாடத்தை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கும்." எந்தப் பாடத்தை? அந்தத் துறைமுகத்தையா? இடத்தில் முள் இருந்தது போல் உட்கார்ந்து வந்தார்… தலைமையாசிரியரோ, "பதிவேட்டுல உள்ளதைப் பார்த்து எழுதுங்க சார், நான் கையெழுத்துப் போடுறேன். அடக்கமில்லாததெல்லாம் டீச்சராகி என்னத்தைக் கிழிக்கப் போகுது?" இந்தத் தலைமையாசிரியர் கிழித்தது என்ன, இருபது வருஷமாகக் காலண்டரைத் தவிர? ஆனால் அவரை இகழ என்ன யோக்கியதை, அந்தச் சொல்லை எழுதிய கை இதுதானே, ஞாயிறுதோறும் சிலுவை போட்டுக்கொள்கிற கை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் பொய் சொன்னதைச் சொல்லியிருக்கிறார், பொறாமையைச் சொல்லியிருக்கிறார், இதைச் சொன்னதில்லை, பாவம் என்றே தோன்றவில்லை, வாத்தியார் செய்தால் அதற்குக் கண்டிப்பு என்று பெயர்…

பியூன் அம்மாசி, "டீ குடிச்சிட்டு வரேங்க" என்று போய்விட்டான். அருள்நாதன் பதிவேட்டைத் திறந்தார். அந்தச் சொல்லைச் சுரண்டி அழிக்கலாம், பிளேடு மேஜையிலேயே இருக்கிறது… வேண்டாம், அதுவும் கோழைத்தனம். படிக்கும்படியாக விட்டு ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'மாணவி கேட்டது நல்ல கேள்வி. தவறு ஆசிரியருடையது.' கையெழுத்து, தேதி. சான்றிதழில், 'நடத்தை: மிக நன்று.' மையை ஒற்றி எடுத்து, தலைமையாசிரியர் கையெழுத்துக்கு வைத்துவிட்டு, பதிவேட்டை அலமாரியில் மற்றவற்றுக்கு நடுவே செருகினார். இனி யார் எடுக்கப்போகிறார்கள், அவளுக்கும் தெரியப்போவதில்லை. நல்லது. ஆனாலும் கண் ஒரு கணம் வாசல் பக்கம் போயிற்று, யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்று… சீ, இதற்கும் ஒரு வகுப்பு வேண்டியிருக்கிறதா உனக்கு?