பதினேழாம் ஜாயின்ட்

நடுக்கடலில் இரும்புக் கால்களின் மேல் நிற்கும் எண்ணெய் மேடை எங்களுடையது. அதன் ஜாயின்டுகளில் எந்தெந்த வெல்டிங்கை இந்த ஆண்டு டைவரை இறக்கிப் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று திட்டமிடுவது பதினோரு வருடமாக என் வேலை. இந்த முறை எங்கள் மேலதிகாரி லியாகத் அலி சார் அதை அன்புக்கரசியிடம் கொடுத்துவிட்டார்.

"வரிசையா எல்லாத்தையும் பாக்குறதெல்லாம் பழசும்மா. எது உடையும், உடைஞ்சா மேல இருக்கிற ஆளுங்களுக்கு என்ன ஆகும், அத வச்சுத்தான் இனிமே முடிவு" என்றார். பழசு என்று அவர் சொன்னது என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்புக்கரசி எம்.கே.பி. நகர்ப் பெண். வந்து ஆறு மாதம்தான். அவள் சிரிப்பு எங்கள் திருவொற்றியூர் அலுவலகத்தின் மூன்று அறைகளுக்கும் கேட்கும். சார் ஒரு நாளில் எத்தனை முறை அவள் பெயரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு முதல் நாள் தன் திட்டக் கோப்பை என்னிடம் நீட்டினாள். "ஒரு தபா பாத்துடுக்கா. எதுனா உட்டுட்டிருந்தா சொல்லு."

"எனக்கு நேரமில்ல" என்றேன். நேரம் இருந்தது. அதில் ஒரு தவறு இருக்கும் என்ற நிச்சயமும் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் பதினேழாம் ஜாயின்டைச் சோதிக்க டைவர்களோடு படகில் போனவள் நான். நீரோட்டம் இழுத்த இழுப்பில் டைவர் பொன்ராஜ் பாதியிலேயே மேலே வந்துவிட்டார். "வெல்டிங் மேல சிப்பி மூடிக்கினு கீது மேடம், சுரண்டவே முடில. பாத்தவரிக்கும் ஒண்ணுமில்ல." நான் 'பதினேழு: விரிசல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியை நம்பினால் கணக்கு அந்த ஜாயின்டைப் பல வருடம் தள்ளிவிடும். அவள் நம்பியிருப்பாள். மேலே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவள் முகம் வெளுப்பதை.

மறுநாள் எல்லோர் முன்னிலும் கேட்டேன். "பதினேழை எப்படித் தள்ளிப்போட்டே? அன்னிக்கு சிப்பியே சுரண்டலையே?"

"தள்ளலக்கா. இந்த வருசம் மொதல்ல பாக்கப்போறதே அதான்." பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "சுரண்டுன போட்டோ இல்ல சார். அதான் அந்தச் சோதனைய கணக்குல சேக்கல."

"போட்டோ இல்லாம யாரு கையெழுத்துப் போட்டது?" என்றார் சார்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும்; நேற்று கோப்பை நீட்டியது அதை எனக்கு முன்கூட்டியே காட்டத்தான். "பழைய ரிப்போர்ட்டு சார். அன்னிக்குக் கடல் பேஜாரா இருந்திருக்கும், வுடுங்க."

என்னைக் காப்பாற்றுகிறாள், அதுவும் இத்தனை சுலபமாக. அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன்.

நேர்மை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வாட்டி டைவர்களோட அன்புக்கரசி போகட்டும். ரிப்போர்ட்லயும் அவளே கையெழுத்துப் போடட்டும்."

இன்னொரு முறை அவள் பெயர். நான் தலையசைத்தேன்.