நடுவீடு

ஒரு மாவட்டத்து வீடுகளையெல்லாம் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால், சரி நடுவில் ஒரு வீடு நிற்கும். அந்த வீட்டுக்கு வருவதுதான் மாவட்டத்தின் இடைநிலை வருமானம். ஜேர்மனியின் பான் நகரத்து ஆய்வு நிலையம் ஒன்றில் சிவானுஜாவுக்கு அந்த நடுவீட்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மாவட்டம் மாவட்டமாக, ஆண்டுக்காண்டு. சொல்லக் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். அவளுக்கோ அது பிடித்திருந்தது.

அதே வீடுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் போய்க் கேட்கிற கணக்கெடுப்பு அது. பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். பெரிய மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான வீடுகள் அகப்படும். ஆனால் அவளுடைய பெற்றோர் இருக்கும், அவளும் தனி அறை எடுத்துத் தங்கித் தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோகும் அந்தச் சின்ன மலை மாவட்டத்தில் அகப்பட்டவை ஒரு கைப்பிடிதான். அங்கே நடுவீடு என்றால் உண்மையாகவே ஒரு வீடு. யாரோ சமைத்துச் சாப்பிட்டு, சண்டைபிடித்து உறங்குகிற வீடு.

2007 வசந்தத்தில் அந்த மாவட்டத்தின் ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. 2000இல் நடுவில் நின்ற வீடு 2001இல் இல்லை. 2001இல் நின்றது 2002இல் இல்லை. இப்படியே 2005 வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. இறந்தவர்களுக்கும் இடம் மாறினவர்களுக்கும் தனித்தனிக் குறிப்பு உண்டு. இவற்றுக்கோ ஒரே குறிப்புத்தான்: "அப்படியொரு வீடு அங்கே இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை."

அடுத்த மேசை ஜூலியன் கோப்பியோடு எட்டிப் பார்த்தான். "எண்ணிக்கை சிறிதென்றால் இப்படித்தான். வீடுகள் விடுபடும்" என்று சிரித்தான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு 2006இன் நடுவீட்டைத் திறந்தாள்.

இரண்டு பேர். பிறந்த நாடு இலங்கை. கணவருக்கு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. ஒரே மகள் 2004இல் தனியே போய்விட்டாள்.

பெயர் எதற்கு? அது அவளுடைய பெற்றோரின் வீடு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெண் வந்து கேள்விகள் கேட்டுவிட்டு, நன்றிக்குப் பரிசுக் குலுக்கலின் லொத்தர் சீட்டு ஒன்றைக் கொடுப்பாள். அம்மா கலாதேவி அதைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். அதெல்லாம் சிவானுஜா கண்ணால் பார்த்தது.

வெளியே போய் அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, அந்தக் கணக்கெடுக்கிற மனிசிக்குப் போன வருசம் வருமானத்தைச் சரியாச் சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. பிறகு குரல் தணிந்தது. "என்ர சம்பளம் மட்டும்தான். அம்மா துப்பரவு வேலைக்குப் போறதைச் சொல்லேல்லை. வாறது எல்லாத்தையும் வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டிடும், பிள்ளை."

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணூறுக்குப் பயந்து குறைத்துக் குறைத்துச் சொன்ன மனுசன், கடைசியில் சரியாக அந்த இடத்தில் போய் நிற்கிறார்.

வெளியில் கேட்டதை வைத்துக் கணக்கைத் தொடக்கூடாது என்பது நிலையத்தின் கட்டளை. சிவானுஜா தொட்டாள். அம்மாவின் சம்பளத்தைச் சேர்த்தாள். பொய்யா எழுதுகிறேன், உள்ளதைத்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பெற்றோரின் வீடு வரிசையில் மேலே ஏறியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டாள்.

ஆனால் நடு என்ற இடம் வெறுமையாக இருக்காது. ஒருவர் விலகினால் இன்னொருவர் வந்து நின்றாக வேண்டும். அவர்களுக்கு நேர் மேலே நின்ற வீடு இப்போது நடுவுக்கு வந்திருந்தது. முன்பின் தெரியாத யாரையோ பிடித்துத் தள்ளிவிட்டோமே என்ற பதைப்போடு அதைத் திறந்தாள்.

ஒரே ஆள். பெண். பிறந்த நாடு இலங்கை. ஆய்வு நிலையத்தில் வேலை.

வீட்டைவிட்டுத் தனியே போகும் பிள்ளைகளையும் இந்தக் கணக்கெடுப்பு விடாது. பின்னாலேயே போய் அவர்களையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொள்ளும். அந்த விதியை அவளே மற்றவர்களுக்குப் படிப்பித்திருக்கிறாள்.

தன் சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அதற்கு மேலே நிற்பது யார் என்று பார்த்தாள். ஐந்து பேர். மூன்று குழந்தைகள். கடைசிக் குழந்தை பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

கையை எடுத்துவிட்டாள். தான் நடுவில் நிற்கும்படியே கணக்கைச் சேமித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். பயமாகத்தான் இருந்தது.

கோடையில் ஒரு பின்னேரம் அம்மாவின் போன் வந்தது.

"அந்த மனிசி வந்திட்டுப் போட்டா. அப்பாவும் நானும் இருந்து எல்லாம் சொன்னனாங்கள். உன்ர சீட்டையும் என்னட்டைத்தானே தாறவ, இந்த முறை ஒண்டுதான். மகளின்ர எங்கை எண்டு கேட்டன். உங்களுக்குப் பிள்ளையள் எண்டு எங்கட கணக்கில ஒருத்தரும் இல்லையே எண்டுறா!" அம்மா சிரித்தாள். "பேரைச் சொல்லுவம் எண்டு வாயெடுத்தன், சட்டெண்டு வரேல்லை. வயசு போட்டுது போல."

பின்னால் அப்பா இருமுவது கேட்டது. இருவரும் இருக்கிறார்கள். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டை வாறன், அம்மா" என்றாள் சிவானுஜா.

அம்மா அன்பாகவே கேட்டாள்:

"ஓம், வாங்கோவன். நீங்கள் ஆரின்ர பிள்ளை?"