ஓசோன் விழாவுக்கு ஒரு நாடா குறைந்தது

நாட்டில் மிச்சமிருந்த ஓசோன் படலம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் இருந்தது. எட்டு முழ நீளம், நாலு முழ அகலம். வெயிலில் உள்ள கெட்டதை வடிகட்டிவிட்டு மீதியைக் கீழே விடும். நானும் என் மனைவி மங்கையும் அதன் அடியிலேயே சமைத்தோம், தூங்கினோம்.

பக்கத்து போர்ஷன் தனுஷ்கோடி, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வற்றல் எடுக்கப் படலத்துக்கு இரண்டடி வெளியே போனார். தண்ணீர்த்தொட்டிச் சுவரில் அவர் நிழல் மட்டும் மிச்சம். தினமும் காலையில், "காபி ஆச்சா சார்?" என்று கேட்கும். ஆச்சு என்பேன்.

இந்த வியாழக்கிழமை சுற்றுச்சூழல் துறையிலிருந்து வந்தார்கள். படலத்தைப் பாதுகாக்க விழா. நாற்காலி, மைக், ரோஜா மாலை. எல்லோர் சட்டையிலும் பேட்ஜ். பேட்ஜ் குத்தியவர்களை வெயில் தொடக்கூடாது என்று அரசாணை இருந்தது. வெயில் அதை மதித்தது.

"எங்களுக்கும் ரெண்டு குடுங்களேன்" என்றாள் மங்கை.

"நீங்க பயனாளிம்மா. பயனாளிக்கு பேட்ஜ் கிடையாது" என்றார் கண்காணிப்பாளர். "போட்டோவுக்கு நீங்க அந்த ஓரம் நில்லுங்க. உங்க வீட்டுக்காரர் இந்த ஓரம்."

விழாத் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். ஓசோனைத் தன் தாயோடு ஒப்பிட்டார். தாயார் முதல் வரிசையில்தான் இருந்தார். எதற்கும் தலையசைக்கவில்லை.

பிறகு தட்டில் கத்தரிக்கோல் வந்தது. நாடாவைக் கொண்டுவர மறந்திருந்தார்கள்.

கண்காணிப்பாளர் சுற்றிலும் பார்த்தார். அப்புறம் மேலே பார்த்தார்.

"இதுவே நல்லா இழுத்துக் கட்டினாப்ல இருக்கே."

"ஐயா, அதைக் காப்பாத்தத்தானே விழா?" என்றேன்.

"ஆமா. தொடங்கி வைக்காம எப்படிக் காப்பாத்தறது?"

"அடியில என் வீட்டுக்காரி நிக்கறா."

"நிக்கட்டும். அப்பதான் போட்டோ எடுப்பா இருக்கும்."

ஏணி போட்டார்கள். தலைவர் ஏறி, நடுவில் வெட்டினார். சத்தமே வரவில்லை. மங்கை பக்கத்துப் பாதி சுருண்டு தெருவில் விழுந்தது. என் பக்கத்துப் பாதி காற்றில் ஆடியது.

"எல்லாரும் கை தட்டுங்க!"

மங்கையும் தட்டினாள். ஓசை தொட்டிச் சுவரிலிருந்து வந்தது.

"வாங்கம்மா. காபி ஆச்சா?" என்றது தனுஷ்கோடியின் நிழல்.

"இவருக்கே இன்னும் போட்டுக் குடுக்கலை" என்றது பக்கத்தில் புதிதாக வந்த நிழல்.

அடுத்து நன்றியுரை. பயனாளிதான் பேச வேண்டுமாம். என் பெயரை, இனிஷியலோடு, இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

மைக் வெயிலில் இருந்தது.