அலெக்ஸாண்டரின் வலது கை

1
இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. தலைமன்னாரிலிருந்து வந்த ரெயிலில் எனக்கு எதிரே இருந்த றோஸ்மேரி, தன் புருஷன் அலெக்ஸாண்டரைப் பற்றிச் சொன்னது. பாதியில் அவளுடைய இடம் வந்துவிட்டது. "எழுதிறதெண்டா எழுதுங்கோ, முடிவை மட்டும் நல்லா வையுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சொல்லுவது லேசு.

2
முதல் தொடக்கம்: கடல் அன்று வழமைக்கு மாறாக

(வேண்டாம். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை.)

இரண்டாவது: அலெக்ஸாண்டரின் தகப்பன் யாகப்பர் கொடுமைக்காரர். அவரைக் கண்டால்

(இதுவும் பொய். மனுஷன் பிள்ளைகளை ஒரு நாளும் அடித்ததில்லை.)

மூன்றாவது: அந்த வீட்டில் மாலைச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் தகப்பன் முன் முழந்தாளிட்டுத் தோத்திரம் சொல்வார்கள். அவர் பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைவார். பிள்ளைகளில் யாருடனாவது கோபமென்றால் அந்தப் பிள்ளைக்கு வரையமாட்டார். தான் சாய்ந்திருக்கும் கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலுவை இல்லாத நெற்றியோடு சிறுவன் அலெக்ஸாண்டர் எத்தனையோ தரம் பயந்து பயந்து படுத்திருக்கிறான். அடியென்றால் ஆறியிருக்கும்.

இது சரி. இதிலேயே போகிறேன்.*

* இன்றைக்கும் அலெக்ஸாண்டர் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிதா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றுமாம்.

3
யாகப்பர் செத்து இரண்டு வருஷம். கதிரை கூடத்தில் கிடக்கிறது, அதில் எவரும் இருப்பதில்லை. அலெக்ஸாண்டருக்கு ஒரு மகள், டினோஜா. இவளுக்கு ஒரு நாளும் சிலுவையை மறுப்பதில்லை என்று ஞானஸ்நானத்தன்றே அவன் நேர்ந்திருந்தான்.

தவக்காலத்தில் ஒரு நாள் டினோஜா விளையாட்டாகத் தகப்பனின் மீன்பிடி வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். வள்ளம் கல்லில் மோதிப் பிளந்தது. கேட்டபோது, தான் இல்லை என்று பொய்யும் சொன்னாள். அன்று மாலைச் செபம் முடிந்து அவள் தகப்பன் முன் முழந்தாளிட்டாள். அலெக்ஸாண்டர் கையைத் தூக்கப் பார்த்தான். கை வரவில்லை. அவன் இருந்தது பாயில். விரல்களோ இல்லாத கதிரைப் பிடி ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தன. அவன் மறிக்க மறிக்கக் கண்களும் சுவருக்குப் போயின.

[இந்த இடத்தில் யாகப்பரின் ஆவியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அழித்துவிட்டேன். மகனுடைய கைக்குள்ளேயே இருக்கிறவர் வாசலால் ஏன் வர வேண்டும்?]

4
டினோஜா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் யாகப்பரின் அந்த வெறுங்கதிரைக்கு முன் முழந்தாளிட்டு, "தோத்திரம் அப்பப்பா" என்றாள். திரும்பி வந்தவளின் நெற்றியில் ஈரம் இருந்தது. வேர்வை என்று நினைத்துத் துடைக்கப் போன றோஸ்மேரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஈரம் சிலுவையாக இருந்தது.

பிள்ளை தகப்பனிடம் சொன்னாள்: "அப்பா, அப்பப்பா உங்களையும் வரட்டாம்."

5
றோஸ்மேரி சொன்னதில் இனி ஒரு வசனம்தான் மிச்சம்: "அவர் எழும்பினவர்." அதோடு ரெயில் நின்றது.

அவன் கதிரையைத் தூக்கி முற்றத்தில் எறிவதாக ஒரு முடிவு எழுதினேன். எறிகிற கையும் யாகப்பருடையதாகவே இருந்தது. பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிப்பதாக இன்னொன்று. வீடு சுத்தமானது, கை அப்படியே கிடந்தது.

கடைசியில் அவனை முழந்தாளிட வைத்தேன். "தோத்திரம் அப்பா" என்கிறான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருக்கிறது. கதிரையில் இருப்பவர் இனிக் கையைத் தூக்க வேண்டும், அல்லது சுவரைப் பார்க்க வேண்டும். எனக்கு இதை எழுதப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நான் என் அப்பாவைப் பார்த்துத்தான் எழுதுவேன். நீங்களும் ஒரு தகப்பனின் பிள்ளைதானே, நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக எழுதுங்கள், நேரமில்லை. அவனுக்குப் பின்னால் டினோஜா மறுபடியும் முழந்தாளிட்டு நிற்கிறாள்.